பானாட் பல்கேரியர்

ருமேனியாவின் மேற்கெல்லையில் பரந்து கிடக்கும் பானாட் என்னும் சமவெளியிலும், அதன் தென்மேற்கே இன்று செர்பியாவைச் சேர்ந்துவிட்ட சில ஊர்களிலும், வட பல்கேரியாவின் ஐந்தாறு கிராமங்களிலும் வாழும் கத்தோலிக்கப் பல்கேரியருக்குப் பானாட் பல்கேரியர் என்று பெயர். பல்கேரிய மொழியின் கிளையொன்றை லத்தீன் லிபியில் எழுதி, அதற்கெனத் தனி இலக்கணமும் பத்திரிகையும் படைத்துக்கொண்ட இவர்கள், மொழியால் ருமேனியரினின்றும், மதத்தால் ஆர்த்தடாக்ஸ் சபையைச் சேர்ந்த ஏனைப் பல்கேரியரினின்றும் வேறுபட்டு நிற்பவர்கள்.

இச்சமூகத்தின் பூர்வீகம் இரு கிளைகளை உடையது. ஆர்மீனியாவில் தோன்றிய பவுலிக்கியர் என்னும் சமயப் பிரிவினரை, பைசாந்தியச் சக்கரவர்த்திகள் எட்டாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரையில் தம் எல்லைக் காவலுக்காகத் திரேஸ் நாட்டில் கொண்டுவந்து குடியேற்றினர். அவர்கள் காலப்போக்கில் பல்கேரிய மொழியைத் தமதாக்கிக்கொண்டனர்; அவர்களுள் ஒரு பகுதியினர் டான்யூபு நதிக்கரையிலுள்ள நிக்கோபோல் பிரதேசத்தில் பரவி, பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் போதனையால் கத்தோலிக்கரானார்கள். மற்றொரு கிளையினர் வடமேற்கு மலைநாட்டுச் சுரங்க நகரமாகிய சிப்ரோவ்த்ஸியின் வணிகரும் கைவினைஞரும் ஆவர். 1688-இல் துருக்கிய ஆட்சிக்கு விரோதமாக எழுந்த சிப்ரோவ்த்ஸிக் கலகம் கொடூரமாக அடக்கப்பட்டபோது, உயிர் தப்பியவர்கள் டான்யூபைக் கடந்து வலாக்கியாவிலும், திரான்சில்வேனியாவிலும், பின்னர் ஆஸ்திரிய ஆட்சிக்கு உட்பட்ட ஒல்தேனியாவிலும் தஞ்சம் புகுந்தனர்.

அந்தத் தஞ்சமும் நிலைக்கவில்லை. 1737-இல் மூண்டு, 1739-இல் பெல்கிரேடு உடன்படிக்கையால் ஒல்தேனியாவை ஆஸ்திரியா துருக்கியருக்கு விட்டுக்கொடுப்பதில் முடிந்த யுத்தத்தின்போதே, நிக்கோலா ஸ்தானிஸ்லாவிச் மேற்றிராணியாரின் ஆதரவில் கத்தோலிக்கப் பல்கேரியர் பானாட் நோக்கிப் பெயர்ந்தனர். நெடும் போர்களால் குடிகளற்றுப் பாழ்பட்டிருந்த அச்சமவெளிக்கு உழவர்களைத் தேடிக்கொண்டிருந்த ஆஸ்திரிய அரசு அவர்களை மனமுவந்து ஏற்றது. 1738-இல் பவுலிக்கியர் ஸ்டார் பிஷ்னோவ் என்னும் ஊரை நிறுவினர். இன்று ருமேனிய மொழியில் துதெஷ்டி வெக்கி எனப்படுவது அதுவே. 1741-இல் சிப்ரோவ்த்ஸி வழியினர் முன்னின்று விங்காவை அமைத்தனர். மூன்றாண்டுகளில் மரியா தெரேசா சக்கரவர்த்தினி அதற்கு நகர உரிமைச் சாசனம் அளிக்க, அது சக்கரவர்த்தினியின் பெயராலேயே தெரேசியோபோலிஸ் என்று வழங்கலாயிற்று. சாசனம் பெற்ற விங்கா வணிகமும் தொழிலும் உடையதாய்ப் பெருமிதம் கொண்டிருக்க, பிஷ்னோவோ ஏரையும் மந்தையையும் நம்பிய கிராமமாகவே இருந்தது. இவ்வேறுபாடு பின்னாளில் தந்த பலன் விசித்திரமானது.

கிராம வாழ்க்கையின் புறத்தோற்றத்தைச் சமவெளியின் பொது வழக்கமே வகுத்தது. நூல் பிடித்தாற்போல நேராக ஓடும் அகன்ற தெருக்கள், தெருவைப் பார்த்துக் குறுகிய முகப்பையும் முற்றத்தை ஒட்டி நீண்ட தாழ்வாரத்தையும் கொண்ட வீடுகள், கோதுமையும் மக்காச்சோளமும் விளையும் வயல்கள், வண்டியிழுக்கும் குதிரைகள் ஆகிய இவற்றை அயலூர் ஜெர்மானியக் குடியானவனிடத்திலும் காணலாம். ஆனால் வீட்டுக்குள்ளே நுழைந்தால் வேறோர் உலகம். பிஷ்னோவ் பெண்களின் பண்டிகை உடை, வடமேற்குப் பல்கேரிய மரபை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மானிய, ஹங்கேரியச் சாயல்களையும் ஏற்று, கிரீடம் போன்ற தலையணியோடு விளங்குவது. விங்காப் பெண்களின் உடையோ வேறு வகையினது.

ஆண்டின் உற்சவங்களுள் தலையாயது ஃபர்ஷாங்கி. விபூதிப் புதனுக்கு முன்வரும் நாட்களில், தவக்காலத்தின் நோன்புக்குமுன் உண்டும் ஆடியும் களித்து விடுவோம் என்று கருதினாற்போல, முகமூடியிட்ட இளைஞர் வீதிகளில் வலம்வர, அலங்கரித்த குதிரைகள் பூட்டிய வண்டிகள் ஊர்வலமாகச் செல்லும். பெயரும் களியாட்டத்தின் தோற்றமும் ஜெர்மானிய, ஹங்கேரிய அயலாரிடமிருந்து வந்தவை. கிறிஸ்துமஸ் மரமும் அவ்வாறே. இரவல் வாங்கியது மரபாகுமா என்று கேட்பாருண்டு. இரண்டு நூற்றாண்டுகள் அநுஷ்டித்த பின்பு அது இரவலாக இராது என்பதே என் கருத்து.

மொழியின் சரித்திரம் இதனினும் சுவையானது. கோயிலிலும் பள்ளியிலும் நெடுங்காலம் குரோவேசிய மொழி நூல்களே வழங்கின. தாய்மொழி வீட்டோடும் வயலோடும் நின்றது. 1866-இல் யோஸு ரில் என்னும் ஆசிரியர் எழுத்திலக்கண நூலொன்றை வெளியிட்டு, பவுலிக்கியர் பேச்சை ஆதாரமாகக் கொண்டு லத்தீன் லிபியில் ஒழுங்கான எழுத்துமுறையை வகுத்தார். ஓராண்டில் ஆஸ்திரிய-ஹங்கேரிய உடன்பாடு ஏற்பட, ஹங்கேரிய மொழி பள்ளிகளை ஆட்கொள்ளத் தொடங்கியதால் அம்முயற்சி தளர்ந்தது, ஆயினும் அழியவில்லை. 1935 முதல் 1943 வரை வெளிவந்த பானாட்ஸ்கி பல்கார்ஸ்கி கிளாஸ்னிக் என்னும் இதழ் அதற்குப் புத்துயிர் தந்தது. சோபியாவில் வளர்ந்த இலக்கியப் பல்கேரியம் ரஷ்ய மொழியினின்றும் திருச்சபை ஸ்லாவிய மொழியினின்றும் சொற்களை எடுத்துக்கொண்டபோது, பானாட் மொழி ஜெர்மன், ஹங்கேரியம், ருமேனியம், குரோவேசியம் ஆகியவற்றிடம் கையேந்தியது. ஸ்தொய்க்கோ ஸ்தொய்க்கோவ் என்னும் மொழியறிஞர் 1967-இல் வெளியிட்ட விரிவான ஆய்வு இவ்வழக்கைக் கற்போர்க்கு இன்றும் துணையாகும்.

1878-இல் பல்கேரியா விடுதலை பெற்ற பின் பலர் முன்னோர் நாட்டுக்கு மீண்டு, பர்தார்ஸ்கி கெரான், அசெனோவோ, கொஸ்தில்யா, பிரெகாரே, திராகொமிரோவோ முதலிய ஊர்களில் நிலம் பெற்றுக் குடியேறினர். இரும்புக் கலப்பையோடு வந்த இவர்களைச் சுற்றுவட்டாரத்து ஆர்த்தடாக்ஸ் பல்கேரியர் அந்நியராகவே கண்டனர்; இருவரும் பல்கேரியர், இருவரும் கிறிஸ்தவர், எனினும் ஈஸ்டர் திருநாள் பெரும்பாலான ஆண்டுகளில் இரு வேறு ஞாயிறுகளில் வரும்.

முதல் உலகப் போருக்குப் பின் பானாட் ருமேனியாவுக்கும் யுகோஸ்லாவியாவுக்குமாகப் பிரிக்கப்பட்டபோது சமூகமும் பிளவுண்டது. 1951 ஜூன் மாதத்தில் ருமேனிய அரசு யுகோஸ்லாவிய எல்லையோரத்திலிருந்து சுமார் 40,000 மக்களைப் பாராகான் சமவெளிக்குக் கட்டாயமாகக் குடிபெயர்த்தது. அவர்களுள் பல்கேரியரும் அடங்குவர். பல ஆண்டுகள் கழிந்தே அவர்கள் ஊர் திரும்ப முடிந்தது.

1990-க்குப் பின்னர் பானாட் பல்கேரியருக்கெனச் சங்கமும், நாஷா கிளாஸ் என்னும் இதழும் தோன்றின. சாசனம் பெற்ற விங்காவில் பல்கேரியர் இன்று சிறுபான்மையினர்; 1892-இல் கட்டி முடித்த இரட்டைக் கோபுரக் கோயில் அப்பழைய பெருமைக்கு அடையாளமாக நிற்கிறது. நகர உரிமைச் சாசனம் பெறாத பிஷ்னோவ்தான் இன்று அச்சமூகத்தின் தலையாய ஊர்.