இரு தாய்ப் பிரதிகள்

உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சேற்றினார். அவருடைய பதிப்புகளில் பக்கத்தின் அடியில் 'பி-ம்' என்றொரு சிறு குறி வரும். பிரதிபேதம் என்பதன் சுருக்கம் அது. மூலத்தில் ஒரு சொல், வேறு ஏட்டில் அதே இடத்தில் இன்னொரு சொல். பார்க்க எளிமையான ஏற்பாடு. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் இருக்கிறது: அடிப்படைப் பாடம் ஒன்று உண்டு, மற்றவை அதிலிருந்து அங்கங்கே விலகியவை. ஓர் ஏட்டைப் பார்த்து ஓர் ஏடு எழுதிய வரையில் இது போதும். எழுதுபவர் இரண்டு ஏடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இதிலிருந்து ஓர் அடி, அதிலிருந்து ஒரு சொல் என்று எடுத்து, இரண்டும் முரண்பட்ட இடத்தில் தாமாக மூன்றாவது ஒன்றை எழுதிவிட்டால்? அந்தப் பிரதிக்குத் தாய் இரண்டு. எது எங்கே வேறுபடுகிறது என்பதைப் 'பி-ம்' சொல்லும். எழுதியவர் எதை எதோடு சேர்த்து அந்த முடிவுக்கு வந்தார் என்பதைச் சொல்லாது.

பூனாவில் மகாபாரத ஆதிபர்வத்தைப் பதிப்பித்து 1933-இல் முடித்த சுக்தங்கருக்கு இதுதான் பெரிய தலைவலி. வடக்குப் பாடமும் தெற்குப் பாடமும் கையில் கிடைத்த எழுத்தர்கள், ஒன்றை விட மனமில்லாமல் இரண்டையும் அடுத்தடுத்து எழுதிவைத்திருந்தார்கள். அதே காலத்தில் சென்னையில் பி.பி.எஸ். சாஸ்திரி தெற்குப் பாடத்தைத் தனியாகவே பதிப்பித்துக்கொண்டிருந்தார். இருவரும் தேடியது கலப்பில்லாத வரிசையை. மயிலாப்பூரில் 1906-இல் தொடங்கிய சம்ஸ்கிருதக் கல்லூரியின் தொடக்க கால முதல்வர் குப்புசாமி சாஸ்திரி ஈடுபட்ட வேலை வேறு வகையானது. பின்னாளில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் பொறுப்பில் இருந்தபோது அவர் கொண்டுவந்த அட்டவணைகளில், ஒவ்வொரு சுவடிக்கும் ஓலையா காகிதமா, எத்தனை பக்கம், பக்கத்துக்கு எத்தனை வரி, கிரந்த எழுத்தா தெலுங்கா, நிலைமை எப்படி, தொடக்கம் எது, முடிவு எது என்று பதிவாகியிருக்கும். வித்தியாசத்தைப் பட்டியலிடாமல் சுவடியையே ஒரு முழு உருப்படியாக எண்ணும் முறை இது. கலப்புப் பிரதிக்கு நியாயம் செய்வது இந்த முறைதான் என்பது என் வாதம்.

இதற்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு சாட்சி கிடைக்கிறது. நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிவுசெய்ய 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' மென்பொருளில், செய்த மாற்றங்களை பேட்ச்களாக எடுத்து அனுப்ப 'ஃபார்மேட்-பேட்ச்' என்ற கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு பதிவுக்கும் அங்கே 'கமிட்' என்று பெயர்; இரு கிளைகளைச் சேர்க்கும் மெர்ஜ் கமிட்டை அந்தக் கட்டளை சத்தமில்லாமல் தாண்டிப்போகும். காரணம் நேரானது: பேட்ச் என்பது ஒரு தாயிலிருந்து வந்த வித்தியாசம், மெர்ஜுக்கோ இரண்டு தாய். கிளைகள் உரசாமல் சேர்ந்திருந்தால் நட்டமில்லை, இரு பக்க மாற்றங்களும் தனித்தனி பேட்ச்களில் வந்துவிடும். உரசிய இடத்தில் ஒருவர் கையால் எழுதிய தீர்வு மட்டும் எந்த பேட்ச்சிலும் இருக்காது. அதைப் பார்க்க, இரு தாயிடமிருந்தும் விலகிய வரிகளை மட்டும் காட்டும் கூட்டு வித்தியாசம் தனியாக உண்டு. வரலாற்றைக் குறையாமல் அனுப்ப வேண்டுமென்றால் பேட்ச்சை விட்டுவிட்டு, கமிட்களை அப்படியே மூட்டையாகக் கட்டும் 'பண்டில்' முறைக்குப் போக வேண்டும்.

வாசகருக்கு இதெல்லாம் எதற்கு, சுத்தமான பாடம் போதாதா என்று கேட்கலாம். 1950-களில் பதிப்பாளர் மர்ரே ராஜம் சந்தி பிரித்து மலிவு விலையில் கொடுத்த நூல்கள் எத்தனையோ வீடுகளுக்குப் போயின. அடிக்குறிப்புச் சுமையோடு போயிருக்க முடியாது. ஒப்புக்கொள்கிறேன். பேட்ச்சும் அப்படித்தான், மாற்றத்தைப் படித்துச் சரிபார்க்க அதைவிட வசதி இல்லை. ஆனால் படிக்கக் கொடுப்பது ஒரு வேலை, காப்பது வேறு வேலை. கலப்புப் பிரதிகள் பெரும்பாலும் எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்று இன்னொரு வாதமும் வரும். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சேர்த்ததா இல்லையா என்று சோதிக்கவே அந்தப் பிரதி வேண்டும். ஐயர் அச்சிட்ட பிறகும் ஏடுகளை எறியவில்லை. அவர் 1942-இல் மறைந்ததும், ருக்மிணி தேவி அவர் பெயரில் அடுத்த ஆண்டே அடையாற்றில் தொடங்கிய நூலகத்துக்கு அந்தச் சுவடிகள் வந்தன. 'பி-ம்' தராத பதிலைத் தேடுகிறவர் போக வேண்டிய இடம் இன்றும் அதுதான்.