பழைய ஸ்கூட்டருக்கு உதிரிப்பாகம் எங்கே தேடுவது?
பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய ஸ்கூட்டர்கள் சில வீடுகளில் இன்னும் நிற்கின்றன. தகப்பனின் நினைவாக வைத்திருப்பதை மீண்டும் ஓடவைக்க விரும்புவோருக்கு உதிரிப்பாகம்தான் சிக்கல்.

பஜாஜ் நிறுவனம் 1971 வரை இத்தாலியின் பியாஜியோவிடம் உரிமம் பெற்று வெஸ்பாவைத் தயாரித்தது. 1972இல் வந்த சேத்தக்கும் அதே வழிவந்தது. பஜாஜின் பழைய இரண்டு ஸ்ட்ரோக் முச்சக்கரவண்டியிலும் அதே 145 சீசீ வகை இயந்திரமே. ஆகவே பிஸ்டன், ரிங் போன்ற சிலவற்றை அங்கே தேடலாம். அந்த முச்சக்கரவண்டிகளின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டதால், தாமதிக்க வேண்டாம்.

வடக்கிலிருந்து கொழும்புக்குப் போவோர் தம்புள்ளையில் ஏ9 வீதியை விட்டு ஏ6இல் திரும்பினால் கலேவெல வரும். இத்தகைய நகரங்களில் பழைய முச்சக்கரவண்டித் திருத்துநர்களிடம் முதலில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போங்கள். கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய், அளந்து பார்த்தே வாங்குங்கள்.

இயந்திரத்தையே மாற்றினால் புதிய இலக்கத்தை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியவேண்டும். இடப்பெயர்வில் வண்டிப் புத்தகம் தொலைந்திருந்தால், காசு செலவழிக்க முன்னர் அதன் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். புத்தகம் இல்லாத வண்டி, திருத்தினாலும் முற்றத்தில்தான் நிற்கும்.