யானைக்காலும் ஒரு பழங்கதையும்

தாம்பரத்திலிருந்து சென்னைக்கு இரயிலில் செல்லும்போது பரங்கிமலையைக் கடக்கிறோம். தோமையார் கொல்லப்பட்ட இடம் அதுவே என்பது கிறிஸ்தவ மரபு. அம்மரபையொட்டி வேறொரு கதையும் வழங்கியது. யானைக்கால் கண்டவர்கள் அவரைக் கொன்றோரின் வழித்தோன்றல்கள் என்றும், முன்னோர் செய்த பாவமே வீக்கமாய்க் காலில் இறங்கியது என்றும் சொன்னார்கள். 1596இல் வெளியான டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் நூலிலும் அக்கதை இடம்பெற்றது. நோயுற்றவரையே குற்றவாளியாக்கிய கதை அது.

அதற்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே அரபு மருத்துவம் இந்நோயைத் தெளிவாக அறிந்திருந்தது. கிரேக்கர் யானையின் பெயரால் அழைத்தது தொழுநோயை. அரபு மருத்துவர்களோ கால் வீக்கத்தைத் ‘தாவுல் ஃபீல்’ என்றும், தொழுநோயை ‘ஜுதாம்’ என்றும் பிரித்தனர். 1037இல் மறைந்த இப்னு ஸீனாவும் தமது ‘அல்கானூன்’ நூலில் இரண்டையும் தனித்தனியே விளக்கினார். இலத்தீன் மொழிபெயர்ப்புகளில் இப்பெயர்கள் குழம்பின. தாவுல் ஃபீல் என்றாலும் யானைக்கால் என்றாலும் உவமை ஒன்றே என்பது நமக்கு வியப்பளிக்கிறது.

1872இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற மருத்துவர் மனித இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1877இல் சீனத்தின் அமாய் நகரில் மான்சன், அப்புழுக்கள் கொசுவின் உடலில் வளர்வதைக் கண்டறிந்தார். கொசுக்கடியே நோயைப் பரப்புகிறது என்பது 1900இல் உறுதியாயிற்று. புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் தங்கி அவற்றைப் பழுதாக்குகின்றன. வடிய வேண்டிய நீர் தேங்கிக் கால் வீங்குகிறது. ஆகவே சாபத்தின் இருப்பிடம் பரங்கிமலையன்று. க்யூலக்ஸ் கொசு பெருகும் சாக்கடையே. கழிவுநீர் தேங்குமிடம் தாம்பரமாயினும் பல்லாவரமாயினும் அக்கொசுவுக்கு ஒன்றுதான்.

1955இல் நம் நாட்டில் தேசிய யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2004 முதல் நோயுள்ள மாவட்டங்களில் ஆண்டுக்கொருமுறை மாத்திரை வழங்கும் திட்டம் விரிவாக்கப்பட்டது. மாத்திரை நோய் பரவுவதைத் தடுக்கும். நாட்பட்டு முற்றிய வீக்கத்தைக் கரைக்காது. அவ்வீக்கத்தோடு வாழ்வோருக்கு அன்றாடப் பராமரிப்பே துணை.

அதன் முதற்படி நமக்குப் புதிதன்று. உளூச் செய்கையில் விரலிடுக்குகளைக் கோதிக் கழுவுகிறோம் அல்லவா? அதுபோலவே சோப்பிட்டு மெல்லக் கழுவ வேண்டும். கழுவியபின் இடுக்குகளை ஈரமின்றித் துடைப்பதும் அத்துணை முக்கியம். ஈரத்தில் தோல் வெடித்தால் அவ்வழியே கிருமி புகுந்து கடுங்காய்ச்சல் வரும். ஒவ்வொரு காய்ச்சலும் வீக்கத்தைக் கூட்டும். காய்ச்சல் கண்டால் உடனே மருத்துவரை நாடவேண்டும். அமரும்போது காலை உயர்த்தி வைத்தலும், கணுக்காலை அசைத்தலும், பொருத்தமான செருப்பணிதலும் நலம்.

புழுவின்றியும் நிணநீர் தேங்கும். மார்பகப் புற்றுநோய்க்காக அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பெண்டிர் சிலருக்குக் கை வீங்குவது இதனாலேயே. அதனை முந்தானைக்குள் மறைத்து மௌனமாய்த் துன்புறும் தாய்மாரும் நம் வீடுகளில் உண்டு.

இவ்வீக்கம் தொட்டால் ஒட்டாது. ஒருவரோடு அமர்ந்து உண்பதாலும் ஒட்டாது. ஆயினும் திருமணப் பேச்சில் இன்றும் வீட்டுப் பெரியவரின் காலைச் சுட்டிக் குடும்பத்தையே ஒதுக்குவோர் உளர். அவர்கள் பேசுவது அந்தப் பழங்கதையைத்தான். காலை மறைத்துக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் பாட்டியிடம் ஒரு குவளை நீரும் உலர்ந்த துணியும் கொண்டு செல்வோம். அக்கதை நம் வீட்டிலேனும் அன்று முடியட்டும்.