பேர் எழுதும் ஏடு: பெருங்கணனியில் பயனர் விவரக்கோவையின் வரலாறு

பலர் கூடித் தொழில் செய்யும் இடத்தில் ஆளுக்கொரு பெயர்ப்பதிவு வேண்டும். இவர் யார், இவர் செய்யத்தக்கது யாது, காணத்தக்கது யாது, இவர் கணக்கில் ஏறவேண்டியது யாது என்னும் நான்கு வினாக்களுக்கும் அப்பதிவு விடை கூறும். மெயின்பிறேம் என வழங்கும் பெருங்கணனியிற் பணிபுரிவோர் ஒவ்வொருவருக்கும் இவ்வாறு அமைக்கப்படும் பதிவைப் பயனர் விவரக்கோவை எனலாம். வங்கி, காப்புறுதி, விமான சேவை முதலியவற்றின் கணக்குகளை இராப்பகலாக இயக்கும் அப்பொறிகளில் இவ்விவரக்கோவை தோன்றி வளர்ந்த வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அயல்நாட்டுப் பொறியின் வரலாறு அப்புத்தளை மலையில் வாழும் எம்மவர்க்கு எற்றுக்கு என ஒருவர் வினவலாம். பெயரைப் பதிந்து மனிதரை ஆளும் முறை எமக்குப் புதிதன்று. ஆதலின், முதற்கண் எம் தோட்டத்து ஏடுகளை நோக்கிப் பின்னர்ப் பொறியிடம் செல்வாம்.

தோட்டத்து ஏடுகள்

1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையை அடுத்த தம்பேதன்ன தோட்டத்தை வாங்கிய காலத்தில், மலைநாட்டிற் கோப்பி அழிந்து தேயிலை பரவிக்கொண்டிருந்தது. கோப்பிக்கு அறுவடைப் பருவம் ஒன்றுண்டு. தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே தொழிலாளரை நிலையாக வைத்திருப்பதும், அவர்தம் நாட்கணக்கைத் தவறாது எழுதுவதும் தோட்டங்களுக்கு இன்றியமையாதன ஆயின. விடியற்காலையிற் பிரட்டுக்களத்தில் ஆட்கள் கூடுவர். எண்ணிப் பார்த்து வேலை பிரிக்கப்படும். பின்னர்ச் செக்றோலிற் பதிவு விழும். மலையகத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்றே வழங்குவர். குறித்த அளவு கொழுந்து எடுத்தவருக்கு ஒரு பேர். எடை குறைந்தவருக்கு அரைப்பேர். மனிதரின் பெயரே அவர்தம் உழைப்பின் அலகாயிற்று என்பது இவ்வழக்கால் நன்கு விளங்கும்.

செக்றோலேயன்றி வேறு பதிவுகளும் இருந்தன. 1901ஆம் ஆண்டிற் புகுத்தப்பட்ட முறையின்படி, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளருக்குத் தகரவில்லை ஒன்று கொடுக்கப்பட்டது. மாவட்டத்தைக் குறிக்கும் எழுத்தும், தோட்டத்தைக் குறிக்கும் இலக்கமும் அதிற் பொறிக்கப்பட்டிருந்தன. வில்லையைக் கண்ட அலுவலர் ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பினர். வழிச்செலவு அத்தோட்டத்தின் கணக்கில் ஏறியது. தோட்டம் மாற விரும்பியவருக்கோ ‘துண்டு’ வேண்டியிருந்தது. கடன் தீர்க்கப்படின் இவர் விடுவிக்கப்படுவர் என எழுதிய அச்சீட்டு இன்றிப் பிறிதொரு தோட்டத்தில் இடம் பெறல் அரிது. துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தகரவில்லை ஆளை அடையாளம் காட்டியது. செக்றோல் அவர் கணக்கைத் தாங்கியது. துண்டு அவர் செல்லும் வாயிலைத் திறந்தது அல்லது அடைத்தது. பெருங்கணனியின் விவரக்கோவை செய்யும் தொழில்களும் இம்மூன்றேயாம்.

ஒரு கணனி, பல பெயர்கள்

1950களிற் கணனி ஒரு நேரத்தில் ஒருவர் வேலையையே ஏற்றது. துளையிட்ட அட்டைகளைக் கட்டாக அடுக்கிக் கொடுத்தால், ஒப்பறேற்றர் அவற்றை முறைப்படி பொறியில் இடுவார். முதலட்டையில் வேலையின் பெயரும் கணக்கிலக்கமும் இருக்கும். பொறியின் நேரத்துக்கு யார் பொறுப்பு என்பதை அறியவே பெயர் தேவைப்பட்டது. இரகசியங் காத்தல் அப்பதிவின் நோக்கமாக இருக்கவில்லை.

அமெரிக்காவிலுள்ள மசாச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பற்றோ தலைமையில் அமைந்த நேரப்பகிர்வு முறை 1961 நவம்பரிற் செய்து காட்டப்பட்டது. ஒரே பொறியைப் பலர் தத்தம் தட்டச்சு முனையிலிருந்து ஒருங்கே பயன்படுத்த அது வழி செய்தது. ஒருவர் எழுதி வைத்ததை மற்றவர் காணாதிருக்க ஆளுக்கொரு பெயரும் கடவுச்சொல்லும் அளிக்கப்பட்டன. இன்று உலகெங்கும் வழங்கும் கடவுச்சொல்லுக்கு இதுவே முன்னோடி என்பர். ஆயினும் காவல் வந்தவுடன் களவும் வந்தது. தமக்கு ஒதுக்கப்பட்ட பொறி நேரம் போதாமையால், 1962இல் அலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர் கடவுச்சொற் கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்து, பிறர் பெயரில் வேலை செய்தார். பின்னாளில் அவரே இதனை வெளிப்படுத்தினார்.

அதே முறையில் நிகழ்ந்த வேறொரு விபத்து இன்னும் நோக்கத்தக்கது. ஒருநாள், முனையில் நுழைந்தோர்க்கெல்லாம் வழக்கமான வரவேற்புச் செய்திக்குப் பதிலாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் வரிசையாக அச்சாகி வந்தன. ஓர் இடத்தில் ஒருவரே வேலை செய்வர் எனக் கருதி, எழுத்துத் திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயரை வைத்திருந்தது. வசதி கருதி அவ்விடம் பலருக்குத் திறந்துவிடப்பட்டமையால், இருவர் ஒரே வேளையில் இரு கோப்புக்களைத் திருத்த, ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்தது. ஓரிடத்தைப் பலர் பகிர்வதால் வரும் கேட்டுக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

காவலும் கணக்கும்

ஐ.பி.எம். நிறுவனம் 1964 ஏப்ரில் 7ஆம் நாள் சிஸ்ரம்/360 என்னும் பொறிக்குடும்பத்தை அறிவித்தது. அதன் இயங்குமுறைக்கு 1971இல் நேரப்பகிர்வு வசதி சேர்ந்தபோது, பயனர் ஒவ்வொருவருக்கும் பெயர், கடவுச்சொல், கணக்கிலக்கம், நுழைவு நடைமுறை, அவருக்கு ஒதுக்கத்தக்க நினைவக அளவு ஆகியவற்றைத் தொகுத்து வைக்கும் கோப்பொன்றும் உடன் வந்தது. செக்றோலும் துண்டும் ஒரே ஏட்டில் இணைந்தாற்போன்ற அமைப்பு அது.

தமிழகத்திலும் இக்காலத்திற் பெருங்கணனி புகுந்தது. மேற்கு ஜேர்மனியின் உதவியுடன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1973இல் ஐ.பி.எம். 370/155 நிறுவப்பட்டது. ஒரு பொறியைப் பேராசிரியரும் மாணவரும் பகிர்ந்து கொண்ட அத்தகைய நிலையங்களில், யார் வேலைக்கு எவ்வளவு நேரம் என்னும் வினா நாடோறும் எழுவது இயல்பே.

1976இல் ஐ.பி.எம். வெளியிட்ட றக்வ் என்னும் காவல் மென்பொருள் இத்துறையிற் பெருந்திருப்பமாகும். பயனருக்கு ஒரு விவரக்கோவை, பயனர் குழுவுக்கு ஒன்று, காக்கப்படும் கோப்புக்கும் ஒன்று என அது வகுத்தது. ஒருவர் ஒரு கோப்பைத் திறக்க முயலும்போது இம்மூன்றும் ஒப்பு நோக்கப்படும். இதனினும் சிறந்தது அதன் அதிகாரப் பிரிவினை. விவரக்கோவைகளை ஆக்கவும் மாற்றவும் ஒருவருக்கு அதிகாரம். அவர் செய்தவற்றைப் பரிசோதிக்க வேறொருவருக்கு அதிகாரம். பரிசோதகர் யாவற்றையும் காண்பார், காவல் விதி எதனையும் மாற்றார். ஏடு எழுதுபவரே ஏட்டைச் சரிபார்ப்பவராயும் இருத்தல் ஆகாது என்னும் பழைய நீதி இங்கே பொறிக்குள் அமைந்தது.

காண்பதும் செய்வதும்

இனிக் கண்காணிப்பு மென்பொருளை நோக்குவாம். பெருங்கணனியில் நூற்றுக்கணக்கான வேலைகள் ஒருங்கே நிகழும். அவற்றைக் காட்டும் திரையோ சிறிது. 1971இல் வெளிவந்த 3270 வகை முனையங்களிற் பெயர்பெற்ற திரை 24 வரியும், வரிக்கு 80 எழுத்தும் கொண்டது. அஃதாவது 1920 எழுத்துக்களே ஒரு வேளையிற் கொள்ளும். இரவுக் காவலிலுள்ள ஒப்பறேற்றருக்கு எந்த வேலை தடைப்பட்டது என்பது வேண்டும். தரவுத்தள வல்லுநருக்கு எது எதற்காகக் காத்திருக்கிறது என்பது வேண்டும். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பொறி வேண்டுமா என ஆராய்பவருக்கு நெடுநாட் பயன்பாட்டுக் கணக்கு வேண்டும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் காட்டின் ஒருவருக்கும் ஒன்றும் புலப்படாது.

ஓபறி சேர்னிக் நிறுவிய கன்டில் நிறுவனத்தின் ஒமேகமன் இத்துறையிற் புகழ்பெற்றது, அந்நிறுவனத்தை ஐ.பி.எம். 2004இல் வாங்கியது. ஒமேகமனில் விவரக்கோவை மூன்று படிகளில் அமையும். ஆக்கியோர் தந்த பொதுவமைப்பு முதற்படி. நிலையம் தனக்கென வகுத்த அமைப்பு இரண்டாம் படி. தனியொருவர் தமக்கென அமைத்துக்கொள்வது மூன்றாம் படி. நுழைந்தவுடன் தோன்றவேண்டிய திரை, நிறங்கள், எச்சரிக்கை எழவேண்டிய எல்லை ஆகியவற்றை அவரவர் வேலைக்கேற்பக் குறிக்கலாம். எல்லை வகுத்தலே இதில் நுண்ணிய கலை. மாதமுடிவிற் சம்பளக் கணக்கு ஓடும் இரவில் 100க்கு 90 பங்கு பொறி உழைப்பது இயல்பு. அதே அளவு விடுமுறை நாளிற் காணப்படின் ஏதோ கேடு உளது என்பதாம். எல்லை மிகத் தாழ்ந்தால் ஓயாத எச்சரிக்கையிற் காவலர் செவி மரத்துவிடும். மிக உயர்ந்தால் கேடு முற்றிய பின்னரே செய்தி வரும்.

காட்சி ஒன்று, அதிகாரம் ஒன்று என்பதையும் இம்மென்பொருள் பிரித்து வைத்தது. பார்ப்பதற்கான கட்டளைகள் பலருக்கும் திறந்திருக்க, ஓடும் வேலையை நிறுத்துவதும் நினைவகத்தை மாற்றுவதும் போன்ற கட்டளைகள் உயர்படிகளில் வைத்துக் காக்கப்பட்டன. திரையை விருப்பப்படி அமைத்துக்கொள்ளும் உரிமையால் அதிகாரம் கூடிவிடாது.

ஏட்டைக் காணும் உரிமை

இவ்விரு வரலாறுகளையும் ஒப்பு நோக்கின் ஒரு வேறுபாடு வெளிப்படும். பெருங்கணனியின் பயனர் தம் விவரக்கோவையைத் தாமே திறந்து காணலாம். அதில் ஒரு பகுதியைத் தாமே திருத்தலாம். தகரவில்லை அணிந்தவர்களுட் பலர் அதிலுள்ள எழுத்தைப் படிக்க அறியார். செக்றோலோ அவர் கைக்கு எட்டாத மேசைமேல் இருந்தது. இதன் விளைவு கூலியளவில் நின்றுவிடவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அடுத்துவந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம், மணமானவருக்கு 7 ஆண்டும் மணமாகாதவருக்கு 10 ஆண்டும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமைக்குச் சான்று கேட்டது. தலைமுறையாக இங்கு உழைத்தவர், தாம் இங்கு இருந்ததைத் தாள்கொண்டு நிறுவ வேண்டியவராயினர். தம்மைப் பற்றிய பதிவு பிறர் கையில் இருக்கும்போது மனிதர் எத்துணை வலியிழந்தவர் ஆகின்றனர் என்பதற்கு எம் வரலாறே சான்று. இக்குறை முற்றாகத் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரையும், அதன் பின்னரும், காத்திருக்க நேர்ந்தது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தம்மைப் பற்றிய தரவைக் காணவும் பிழை திருத்தக் கோரவும் ஒருவருக்குள்ள உரிமையை இலங்கையில் எழுத்தில் வைத்தது. சட்டத்தின் சொல் நடைமுறையாவது, ஏடுகளை அமைப்போர் கையில் உள்ளது. எம் மாணாக்கருட் பலர் இன்று கணனித் துறைக்குச் செல்கின்றனர். வங்கியிலும் அரச அலுவலகத்திலும் பிறருடைய விவரக்கோவைகளை அமைக்கும் பணி அவர்களை வந்தடையும். ஒருவருக்கு ஒரு பெயர் என்க. தொழிலுக்கு வேண்டிய அளவே அதிகாரம் தருக. எழுதுபவரையும் பரிசோதிப்பவரையும் வேறாக்குக. பதியப்பட்டவர் தம் பதிவைக் காண வழி வைக்க. இந்நான்கும் பெருங்கணனியின் வரலாறு பட்டறிந்து கண்ட விதிகள். அரைப்பேரின் பொருளை வீட்டில் அறிந்து வளர்ந்த பிள்ளைகள் இவற்றைப் பிறரினும் விழிப்போடு காப்பர் என நம்புவோமாக.