நிறுவனத் தரவு மாதிரியாக்கம்

ஒரு வங்கிக்கு எத்தனை வாடிக்கையாளர்கள்? சேமிப்புப் பிரிவு ஓர் எண்ணைச் சொல்லும், கடன் பிரிவு வேறொன்றைச் சொல்லும். கூட்டுக் கணக்கு வைத்திருக்கும் தம்பதி ஒருவரா இருவரா, கடனுக்கு ஜாமீன் நின்றவர் வாடிக்கையாளரா என்பதிலேயே குழப்பம் தொடங்கிவிடுகிறது. இத்தகைய சொற்களுக்கு நிறுவனம் முழுவதற்கும் பொருள் வரையறுத்து, அவற்றின் உறவுகளை வரைந்துவைப்பதே நிறுவனத் தரவு மாதிரியாக்கம். முழுப் படத்தையும் முதலிலேயே வரைவதா, வேலை நடக்க நடக்க வரைந்துகொள்வதா என்ற வழக்கு இத்துறையில் இன்னும் ஓயவில்லை.

ஐபிஎம்மின் எட்கர் காட் 1970-இல் தரவை அட்டவணைகளாகக் காணும் கோட்பாட்டை வெளியிட்டார். 1976-இல் பீட்டர் சென் பொருள்களையும் உறவுகளையும் படமாக வரையும் முறையைத் தந்தார். நிரல் எழுதத் தெரியாத மேலாளரும் மேசையில் விரித்துப் பார்த்துப் பேசக்கூடிய படம் அது.

1981-இல் ஜேம்ஸ் மார்ட்டினும் கிளைவ் ஃபிங்கெல்ஸ்டைனும் எழுதிய ‘இன்ஃபர்மேஷன் இன்ஜினியரிங்’ நூலோடு, முழுப் படத்தையும் முதலிலேயே வரையும் மேலிருந்து கீழ் அணுகுமுறை வேகம் பிடித்தது. வேலைமுறைகள் அடிக்கடி மாறும், தரவின் அடிப்படை வகைகள் அவ்வளவாக மாறுவதில்லை. ஆகவே தரவை முதலில் நிலைநிறுத்துங்கள் என்பது அதன் வாதம். வாதத்தில் பிழை இல்லை. ஆனால் படம் முடிவதற்குள் நிறுவனமே மாறிவிடும். டேல் குட்ஹியூ குழுவினர் 1992-இல் வெளியிட்ட ஆய்வு, இப்படிப்பட்ட திட்டமிடல் செலவு மிகுந்தது என்பதையும் எதிர்பார்த்த பலன் பல இடங்களில் கிட்டவில்லை என்பதையும் எடுத்துக்காட்டியது.

அதே ஆண்டு பில் இன்மன், பல பிரிவுகளின் தரவை ஆய்வுக்காக ஓரிடத்தில் சேர்க்கும் தரவுக்கிடங்கு பற்றிய நூலை வெளியிட்டார். அவரை மேலிருந்து கீழ் அணியின் தலைவராகவும், 1996-இல் நூல் வெளியிட்ட ரால்ஃப் கிம்பலை எதிரணித் தலைவராகவும் நிறுத்துவது வழக்கம். இது பாதி உண்மைதான். கிடங்கை ஒரே மூச்சில் கட்டாமல் படிப்படியாகக் கட்டச் சொன்னவர் இன்மன். கிம்பலோ பொதுத் திட்டமே வேண்டாம் என்றவர் அல்லர். அவருடைய ‘பஸ்’ அமைப்பு சாலையில் ஓடுவதன்று. கணினிக்குள் பல கருவிகளும் வந்து இணையும் பொதுத் தடத்தின் பெயரைப் பெற்றது. இந்த அமைப்பின்படி ஓர் அட்டவணையில் விற்பனை, கொள்முதல், இருப்பு எனத் தொழில் நடவடிக்கைகள் வரிசைகளாக இருக்கும். நாள், பொருள், வாடிக்கையாளர் ஆகியவை தலைப்புகளாக நிற்கும். தலைப்புகளின் பொருளை முதலில் எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு ஒவ்வொரு வரிசையாகக் கட்டலாம். இரு அணுகுமுறைகளையும் சமன்செய்த ஏற்பாடுகளில் இதுவே மிகவும் நடைமுறைக்கு உகந்தது.

மென்பொருளைச் சிறுசிறு படிகளாக உருவாக்கச் சொன்ன 2001-இன் அஜைல் அறிக்கைக்குப் பிறகு, வேலை நடக்க நடக்க வரைந்துகொள்ளும் மறுபக்கம் வலுத்தது. ஸ்காட் ஆம்ப்லரும் பிரமோத் சதாலகேவும் 2006-இல் எழுதிய நூல், ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைச் சிறுசிறு மாற்றங்களாகத் திருத்தும் வழிகளைச் சொன்னது. பழைய நெடுவரிசையும் புதியதும் சில காலம் சேர்ந்தே இருக்கும். எல்லா நிரல்களும் புதியதற்கு மாறிய பிறகே பழையது நீக்கப்படும்.

2019-இல் ஜமாக் டெஹ்கானி முன்வைத்த ‘டேட்டா மெஷ்’ இன்னும் ஒரு படி போய், தரவின் பொறுப்பை அந்தந்தத் துறைகளிடமே ஒப்படைத்தது. ஆனால் துறைகளுக்கிடையே தரவை இணைக்கும் பொது அடையாளங்களை மட்டும் அங்கும் எல்லோரும் கூடித்தான் முடிவுசெய்கிறார்கள்.