மனக்கணக்கு மரபும் திருகோணமலையும்

தமிழர் கல்வி வரலாற்றை எழுதியோர் எண்ணையும் எழுத்தையும் இணைத்தே பேசினரெனினும், எழுத்துக்கு அளித்த இடத்தை எண்ணுக்கு அளித்தாரல்லர். இலக்கணக் கல்வியும் ஏடுகள் அச்சேறிய வரலாறும் விரிவாக ஆராயப்பட்டுள்ளன. சிறு பிள்ளையொன்று இரண்டு எண்களை மனத்தாற் கூட்டக் கற்ற வரலாறு அந்த அளவுக்கு ஆராயப்படவில்லை. இதனாற் பிழையான கருத்துகள் இரண்டு நிலைபெற்றுள்ளன. பழைய திண்ணைப் பள்ளியில் நடந்தது பொருளறியா மனனமே என்பது ஒன்று. மனத்தாற் கூட்டும் உத்திகள் மேனாட்டுக் கல்வியாளர் அண்மையிற் கண்டறிந்து நமக்கு அளித்தவை என்பது மற்றொன்று. பல ஆட்சிகளையும் பல நாணயங்களையும் கண்ட திருகோணமலைத் துறைமுகப் பகுதியை மனங்கொண்டு இவ்விரு கருத்துகளையும் நோக்குதல் பயனுடைத்து.

முதலில் மொழியே சான்று தருகின்றது. பதினொன்று, பதின்மூன்று, பதினான்கு என்னும் பெயர்களில் பத்தும் அதன்மேல் நின்ற எண்ணும் வெளிப்படையாகவே தெரிகின்றன. பழைய தமிழ் எண்குறிகளும் இவ்வாறே அமைந்தன. இருபத்தைந்தை எழுதுவோர் இரண்டு, பத்து, ஐந்து என மூன்று குறிகளை வரிசையாக இட்டனர். ஒன்பது என்னும் சொல் பத்துக்கு ஒன்று குறைந்தது என்னும் பொருளை உட்கொண்டது என்பர் மொழிநூலார். தொண்ணூறு நூற்றையும் தொள்ளாயிரம் ஆயிரத்தையும் நோக்கி நிற்கும் சொற்களே. இத்தகைய எண்ணுப்பெயர்களின் புணர்ச்சியைத் தொல்காப்பியர் குற்றியலுகரப் புணரியலில் விதந்து கூறுகின்றார். ஒன்பதுடன் ஆறைக் கூட்டவேண்டிய பிள்ளை, ஆறில் ஒன்றை எடுத்து ஒன்பதைப் பத்தாக்கி, மிஞ்சிய ஐந்தைச் சேர்த்துப் பதினைந்து எனலாம். பத்தை நிரப்பிக் கூட்டுதல் என இன்று ஆசிரியர் பயிற்சியிற் கற்பிக்கப்படும் உத்தி இதுவே. அதற்கான வழி சொல்லிலேயே அமைந்து கிடக்கின்றது.

திண்ணைப் பள்ளியின் கணக்கு நூல்கள் இந்த வழியை மேலும் விரித்தன. பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பவை அவற்றுள் முதன்மையானவை. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. பொன்னிலக்கத்திற் பின்னங்களும் முழு எண்களும் கூட்டல் முறையில் அடுக்கப்பட்டன. முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. முந்திரியும் முந்திரியும் சேர்ந்தால் அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி. இரண்டு காணி அரைமா. இரண்டு அரைமா ஒரு மா. ஐந்து மா கால். நெல்லிலக்கத்தின் அளவுகளும் இப்போக்கினவே. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். இரட்டித்தலே இந்த அடுக்கின் உயிர்நாடி. ஏழும் ஏழும் பதினான்கு என அறிந்த பிள்ளை ஏழும் எட்டும் பதினைந்து எனத் தானே உணர்தல் போன்றதே இதுவும். மாணவர் ஓதி மனத்தில் இருத்தியது தனித்தனி விடைகளின் குவியலன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பெறும் ஒழுங்கு. களத்திலும் கடையிலும் அவ்வொழுங்கே பயன்பட்டது.

எனினும், அம்மரபைக் குறையற்றதெனப் போற்றுதல் வரலாற்று நேர்மையாகாது. சென்னை ஆளுநர் தாமசு மன்றோ 1822ஆம் ஆண்டு தொடங்கிய விசாரணையின் பயனாக, மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தமை 1826இல் பதிவாயிற்று. அங்குப் பயின்றோருட் பெண்கள் மிகச் சிலரே. சாதி காரணமாக வாசலுக்கே வரமுடியாதோர் பலர். பொருளை விளக்காது பிரம்பால் ஓதவைத்த ஆசிரியரும் இருந்தனர். மறுபுறத்தில், சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் விடுதியை 1789 முதல் நடத்திய அன்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியிற் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயின்றதைக் கண்டு அதனைத் தம் பள்ளியிற் கைக்கொண்டார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் வளர்த்து, 1797இல் அதுபற்றி நூல் வெளியிட்டார். பின்னர் அது இங்கிலாந்திலும் பரவியது. எள்ளப்பட்ட திண்ணையிலிருந்தே மேனாடு கற்றுக்கொண்டதும் உண்டு.

திருகோணமலையை ஆங்கிலேயர் 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். இயற்கைத் துறைமுகம் கடற்படைத் தளமாயிற்று; 1957 வரை அந்நிலை நீடித்தது. கப்பற்றுறை எழுத்துவினைஞரையும் பண்டகசாலைக் கணக்கரையும் வேண்டி நின்றது. அந்நாளிற் புழங்கிய இறைசால் 12 பணங்களைக் கொண்டது. 1825இல் ஆங்கில நாணயம் அதன் இடத்தைப் பெற்றது. சிலிங்குக்கு 12 பென்சு, பவுணுக்கு 20 சிலிங்கு. இந்திய ரூபாயும் வழங்கியது. அதற்கு 16 அணா. இத்தகைய பல அடிகளில் நாணயம் மாற்றிக் கொடுத்தோர்க்கு மனக்கணக்குப் பிழைப்புக்கான கருவியே ஆகும்.

மாற்றம் 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிகழ்ந்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டது. அதன்பின் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகியவற்றில் மாணவர் பெற்ற தேர்ச்சியை நோக்கி உதவிப்பணம் வழங்கும் முறை வந்தது. பரிசோதகர் காணத்தக்கது சிலேற்றில் எழுதப்பட்ட விடையே. பிள்ளையின் மனத்தில் நடந்த கணக்கு அவர் கண்ணுக்குப் புலனாகாது. நிரலாக எழுதி, வலப்புறத்து ஒன்றினிடத்திலிருந்து கூட்டும் முறை இச்சூழலுக்கு ஏற்றதாயிற்று. 47உம் 38உம் கூட்டும் பிள்ளை, ஏழும் எட்டும் பதினைந்து எனக் கொண்டு 5ஐ எழுதி 1ஐப் பத்தினிடத்துக்குக் கொண்டுசெல்லக் கற்றது. நாற்பதும் முப்பதும் எழுபது, அதனோடு பதினைந்து எண்பத்தைந்து எனப் பெரிய இடத்திலிருந்து வரும் வாய்மொழி வழி பாடசாலைக்கு வெளியே தங்கிற்று.

அவ்வேளையிலேயே மற்றொரு மாற்றமும் நேர்ந்தது. 1872 முதல் இலங்கை ரூபாய் 100 சதமாக வகுக்கப்பட்டது. இந்தியாவில் அணா 1957 வரை வழங்கியதால் கால், அரைக்கால், வீசம் என்னும் பின்னப் பெயர்களுக்கு அங்கு நாளாந்த வாழ்வில் இடமிருந்தது. ரூபாயில் வீசம் ஓர் அணாவன்றோ! இலங்கையிலோ 85 ஆண்டுகளுக்கு முன்னரே நாணயத்தில் அவற்றின் தேவை குன்றிற்று. பழைய கணக்கு நூல்கள் இங்கு விரைந்து வழக்கொழிந்தமைக்கு இதனையும் ஒரு காரணமாகக் கொள்ளலாம். இதில் ஒரு முரண் உண்டு. பத்தை நிரப்பிக் கூட்டுவதற்கு மிக ஏற்ற நாணயம் கைக்கு வந்த காலத்திலேயே பாடசாலை அவ்வழியைக் கைவிட்டு நிரலெழுத்தைப் பற்றிக்கொண்டது.

திருகோணமலையில் 1897இல் இந்துக் கல்லூரி தோன்றிற்று. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண்களுக்கென நிறுவிய பாடசாலை, திண்ணை மறுத்த எண்ணையும் எழுத்தையும் பெண்களுக்கு உரிமையாக்கியது. 1925இல் இந்துக் கல்லூரி இராமகிருஷ்ண மிசனின் பொறுப்பில் வந்தபோது, விஞ்ஞானப் பட்டதாரியும் தமிழ்ப் பண்டிதருமான சுவாமி விபுலாநந்தரின் தொண்டு அதற்குக் கிடைத்தது. அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் 1930களில் முன்னின்றவர் அவர். பிள்ளை தன் மொழியிற் சிந்திக்கவேண்டும் என்னும் கொள்கை மனக்கணக்குக்கு மிகவும் பொருந்தும்; ஏனெனில் மனக்கணக்கு எழுத்திலன்றிச் சொல்லிலேயே நிகழ்கின்றது.

இலங்கையின் 1998ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்னும் மூன்று வழிகளையும் வகுத்தது. புளியங்கொட்டையும் குச்சிக்கட்டும் வகுப்பறைக்கு உரியனவாயின. பத்தை நிரப்புதல், இரட்டித்தல், பத்துகளைப் பிரித்துக் கூட்டுதல் ஆகியவற்றைப் பிள்ளை தன் வாயாலேயே விளக்குதற்கு இவ்வழிகள் இடந்தருவன. ஆயினும், பெற்றோரும் ஆசிரியரும் நிரலெழுத்தையே கணக்கெனக் கருதும் நிலை நீடிக்குமாயின் சீர்திருத்தம் தாளிலேயே நின்றுவிடும்.

திண்ணைப் பள்ளியை மீட்டெடுத்தல் ஆகாது. அதன் பிரம்பும் அடைத்த வாசலும் மறைந்தமை நன்றே. ஆனால் அதன் ஒழுங்கும், எண்ணுப்பெயர்கள் காட்டும் வழியும் இன்றைய பிள்ளைக்குரிய முதுசொம். தம்பலகாமத்து வயலிலிருந்து வரும் பிள்ளையும் மீன்பிடித் துறையிலிருந்து வரும் பிள்ளையும் வீட்டிற் கேட்ட கணக்கோடுதான் முதலாம் வகுப்பில் அமர்கின்றன. எப்படிக் கூட்டினாய் என்று கேட்டு, அப்பிள்ளை சொல்லி முடிக்கும்வரை காத்திருக்கும் ஆசிரியரே அந்த மரபைத் தொடர்பவராவார்.