காணிப்பாக்கத்துச் சத்தியமும் ஆய்வுக்கூடத்து மனமும்

சித்தூரை அடுத்த காணிப்பாக்கத்தில், வழக்குடையோர் திருக்குளத்தில் நீராடி, வரசித்தி விநாயகர் முன் சத்தியம் செய்வது நெடுநாள் வழக்கம். பொய்யுரைத்தால் தெய்வம் ஒறுக்கும் என்னும் அச்சமே அங்குச் சான்று.

அகத்தில் இருப்பதைப் புறத்தே அறிவது எங்ஙனம்? இவ்வினாவை அளவைக்கு உட்படுத்தியபோதே உளவியல் மெய்யியலினின்று பிரிந்து தனித்துறையாயிற்று. 1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் அமைத்த ஆய்வுக்கூடத்தை அதன் தொடக்கமாகக் கொள்வர். ஒலி எழுந்ததற்கும் அதைக் கேட்டவர் கை அசைந்ததற்கும் இடைப்பட்ட நொடிப்பகுதியை அங்கே கருவிகள் அளந்தன.

வுண்டின் மாணவர் ஹூகோ மூன்ஸ்டர்பெர்க், ஹார்வர்டில் பணியாற்றுகையில் 1908இல் ஒரு நூல் வெளியிட்டார். நேர்மையான சாட்சியின் நினைவும் பிழைபடும் என்பது அதன் சாரம். சத்தியத்தால் பொய்யைத் தடுக்கலாம். மறதியைத் தடுக்க இயலாதன்றோ!

ஹார்வர்டில் அவரிடம் பயின்ற நரேந்திரநாத் சென்குப்தாவின் பொறுப்பில், 1916இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் சோதனை உளவியல் துறை தோன்றியது. 1924இல் மைசூரிலும் 1943இல் சென்னையிலும் துறைகள் எழுந்தன.

அளக்கக் கற்ற அறிவியலுக்கு எல்லையும் வேண்டியிருந்தது. ஒருவரது இசைவின்றி உண்மை கண்டறியும் சோதனைகளுக்கு அவரை உட்படுத்தலாகாது என 2010இல் செல்வி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காணிப்பாக்கத்துக் குளத்தில் இறங்குபவர் தாமே விரும்பி இறங்குகிறாரா, ஊராரின் நெருக்குதலாலா? கருவியிடம் நீதிமன்றம் கேட்ட கேள்வியை நாம் அந்தப் படிக்கட்டிலும் கேட்கத்தான் வேண்டும்.